கூட்டம் தெரிகிறது, தறி தெரியவில்லை

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் ‘இதில் என்ன தொழில் செய்யலாம்?’ என்று எழுதிப் பழகச் சொல்லும் பயிற்சி இப்போது ஊர்தோறும் பரவிவிட்டது. தொழில்முனைவோர் வகுப்பு, கல்லூரிக் கருத்தரங்கு, கைபேசியில் ஓடும் ஒரு நிமிடக் காணொளி என எங்கு போனாலும் இதே உபதேசம்தான். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டதாரிப் பிள்ளைகளும் இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ‘பரம்பரைச் சொத்து இல்லாதவனுக்குச் செய்திதான் முதலீடு’ என்பது இந்தப் பழக்கத்துக்குச் சொல்லப்படும் நியாயம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், காஞ்சிபுரத்தை உரைகல்லாக வைத்துப் பார்த்தால் இந்த நியாயம் நிற்காது என்பது என் கட்சி.

இதில் நன்மையே இல்லை என்று வாதாட மாட்டேன். அக்கம்பக்கத்தில் நடப்பதைக் கவனிக்கும் பிள்ளை, கவனிக்காத பிள்ளையைவிட மேல். 2018 ஜூன் 5 அன்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை என்று தமிழக அரசு அறிவித்தது. ஏறத்தாழ ஏழு மாத அவகாசம். அதைப் படித்து அன்றைக்கே துணிப்பைக்கும் பாக்குமட்டைத் தட்டுக்கும் ஏற்பாடு செய்தவர்களுக்குச் செய்தி உண்மையிலேயே உதவியது. கேரளக் கடற்கரையில் மத்தி மீன் பிடிப்போர் கையில் கைபேசி வந்ததும் என்ன நடந்தது என்று பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். எந்தக் கரையில் என்ன விலை என்று கடலிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டதால், விற்காமல் கொட்டப்பட்ட மீன் ஏறக்குறைய இல்லாமலே போனது. மீனவருக்கு லாபம் கூடியது, வாங்குவோருக்கு விலையும் குறைந்தது. தகவலுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் இந்த இரண்டு உதாரணங்களையும் இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும். மீனவரின் படகில் மீன் இருந்தது. துணிப்பை தைத்தவரின் வீட்டில் தையல் இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த கையும் இருந்தன. எங்கே விற்பது, எப்போது விற்பது என்பதை மட்டுமே செய்தி அவர்களுக்குச் சொன்னது. செய்யத் தெரிந்தவனுக்குச் செய்தி துணை. செய்யத் தெரியாதவனிடம் செய்தியைக் கொடுத்து ‘வாய்ப்பைத் தேடு’ என்றால் அவன் எங்கே போய் நிற்பான்? செய்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில்தான் போய் நிற்பான். இந்தப் பழக்கத்தின் மேல் நான் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை இது ஒன்றுதான்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஆண்டுதோறும் தவறாமல் வருவது அது. முகூர்த்த நாள்கள் நெருங்குவதால் காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை வாங்க வெளியூர் மக்கள் குவிகிறார்கள், காந்தி சாலையில் வாகனங்கள் நகர முடியவில்லை, கடைக்காரர்கள் மகிழ்ச்சி. கூடவே நெரிசலைக் காட்டும் ஒரு படம். பயிற்சி பெற்ற பிள்ளை இதன் ஓரத்தில் என்ன எழுதுவான்? கட்டணக் கார் நிறுத்தம். கல்யாண வீட்டார் இளைப்பாற மணிக்கணக்கில் வாடகைக்கு அறை. சேலைக்கு ஃபால்ஸ் அடித்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டி, அன்றைக்கே கொடுக்கும் கடை. இன்ஸ்டாகிராமில் சேலைப் படம் போட்டு ஆர்டர் பிடித்து, கடையில் வாங்கி அனுப்பும் வியாபாரம். ஊருக்குப் புதியவர்களை நல்ல கடைக்கு அழைத்துப்போகும் சேவை.

இவற்றில் பெரும்பாலானவை கண்ணியமான பிழைப்புகள்தான். குஞ்சம் கட்டுவதில் ஒரு கைத்திறமையே இருக்கிறது. ஆனால் பட்டியல் முழுவதையும் சேர்த்துப் பாருங்கள். வந்து நிற்கும் கூட்டத்தைச் சுற்றியே எல்லாம் அமைந்திருக்கிறது. அந்தக் கூட்டம் எதை வாங்க வந்ததோ அதை நெய்தவரின் பக்கம் ஒரு யோசனைகூடப் போகவில்லை. பிள்ளையின் கற்பனையைக் குறை சொல்லிப் பயனில்லை. செய்தியிலேயே நெசவாளி இல்லை. கூட்டம் இருக்கிறது, விலை இருக்கிறது, சாலை இருக்கிறது. செய்தி எதைக் காட்டுகிறதோ அதிலிருந்துதான் யோசனை பிறக்கும்.

பட்டியலின் கடைசி யோசனை காஞ்சிபுரத்துக்குப் புதிதும் அல்ல. ஊர் எல்லையிலும் கோயில் வாசலிலும் வெளியூர் எண் பலகை கொண்ட காரைப் பார்த்ததும் பைக்கில் கூடவே வந்து, ‘தறியிலேயே வாங்கலாம் சார், வாங்க’ என்று அழைத்துப்போகும் இடைத்தரகரை இந்த ஊருக்கு வந்துபோன எல்லோரும் அறிவார்கள். கூட்டத்தை அவரைவிடக் கூர்மையாகப் படித்தவர் எவரும் இல்லை. அவர் கமிஷன் சேலை விலையில் ஏறுகிறது, அல்லது சரிகையின் தரத்தில் இறங்குகிறது, அல்லது நெய்தவரின் கூலியில் கழிகிறது. செய்தியில் வாய்ப்பைத் தேடும் கலையை அதன் முடிவுவரை கொண்டுபோனால் கிடைப்பவர் அவர்தான்.

இப்போது காந்தி சாலையிலிருந்து, நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்குப் போவோம். ஒரு கோர்வைச் சேலை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்வதன் கனம் புரியும். நெசவாளி குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார். உடல் ஒரு நிறம், இருபக்கக் கரையும் வேறு நிறம். குறுக்கே போகும் ஊடை இழையைச் சுமந்து ஓடுவது நாடா. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்றாக இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். கரையின் ஊடை இழையும் உடலின் ஊடை இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இது நடக்க வேண்டும். ஒருவர் கை போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைப் போட்டு வாங்குகிறார். முந்தானை வேறு நிறமானால், பாவு இழைகளையே புதிய நிற இழைகளோடு கோத்து மாற்றும் பெட்னி வேலையும் சேர்ந்துகொள்ளும். துணியே நைந்துபோனாலும் கரை விட்டுப் போகாது என்று காஞ்சிப் பட்டுக்குச் சொல்லப்படும் பெருமை இந்த இரண்டாவது ஆளின் கையில்தான் இருக்கிறது.

அந்த இரண்டாவது ஆள் ஒரு காலத்தில் குழந்தை. முன்பணம் வாங்கிய வீட்டின் பிள்ளை, பள்ளிக்குப் போகாமல் தறியில் உட்கார்ந்தது. அந்தக் கொடுமை எதிர்க்கப்பட்டது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். நூற்றுக்கு நூறு சரியான மாற்றம். ஆனால் காலியான அந்த இடத்தில் யார் உட்காருவது என்ற கேள்விக்கு இந்த ஊர் ஒழுங்கான பதிலைத் தேடவே இல்லை. ஒரு சேலையின் கூலி இரண்டு பெரியவர்களுக்குப் பங்கிடப் போதவில்லை. மனைவியோ வயதான தாயோ வந்து உட்கார்ந்தார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் ஒற்றை ஆள் நெய்யக்கூடிய சேலைகளுக்கு மாறினார்கள். பள்ளிக்குப் போன பிள்ளைகள் படிப்பை முடித்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறினார்கள். அவர்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

இங்கே ஒரு பெரிய தொழில் தேவை வாய்பிளந்து நிற்கிறது. இரண்டாவது ஆளின் வேலையைச் செய்யும் கருவி வேண்டும். சேலையில் வடிவம் எழுப்பும் ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்கி முட்டி தேய்ந்தவருக்கு அந்தச் சுமையைக் குறைக்கும் அமைப்பு வேண்டும். பாவு தயாரிப்பதை, சாயம் போடுவதை, நூலைச் சுற்றிக் கொடுப்பதை நியாயமான கூலிக்கு ஏற்றுச் செய்யும் சிறு நிறுவனங்கள் வேண்டும். இவற்றில் ஒன்றாவது மாவட்டப் பக்கத்தில் வந்திருக்கிறதா? வராது. செய்திக்கு ஒரு நாள் வேண்டும், ஒரு நிகழ்ச்சி வேண்டும். கோர்வைக்கு ஆள் கிடைக்காமல் போனது ஒரு நாளில் நடந்ததல்ல. ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு தறியாக, முப்பது நாற்பது ஆண்டுகளில் நடந்தது. நாள்தோறும் நடப்பது எதுவோ அது நாளிதழுக்குச் செய்தி ஆவதில்லை.

2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43 லட்சத்துக்கு மேல் இருந்த கைத்தறித் தொழிலாளர்கள், 2019-20 கணக்கெடுப்பில் சுமார் 35 லட்சமாகக் குறைந்தார்கள். அதே கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இந்த நூற்றாண்டில் காஞ்சிபுரம் பட்டின் புகழ் குறைந்ததா? இல்லை. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரத்து நெசவாளியின் கதையைச் சொன்ன பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. ஒவ்வொன்றும் செய்தி, ஒவ்வொன்றும் ஊர்ப்பெயரை உயர்த்தியது. பெயர் உயர உயரக் கடைகள் பெருகின. தறிகள் பெருகவில்லை. செய்தியைப் படித்து வாய்ப்பைக் கண்டவர்கள் எல்லோரும் காஞ்சிபுரம் என்ற பெயரை விற்க வந்தார்களே தவிர, அந்தப் பெயருக்கு உரிய சேலையை நெய்ய வரவில்லை. பிறகு விசைத்தறிச் சேலை அதே பெயரில் கடைக்குள் நுழைந்ததில் ஆச்சரியம் என்ன? கரைபோட்ட பட்டுச்சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் விற்க ஆசைப்படுவோர் கூட்டம் பெருகி, நெய்யும் கை குறைந்தால், அந்த இடைவெளியைப் போலி நிரப்பும்.

பட்டை விட்டுக் கோயிலுக்கு வந்தாலும் கதை மாறவில்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் தரிசனம். 1979க்குப் பிறகு நாற்பது ஆண்டு கழித்து வந்த வைபவம். சுமார் ஒரு கோடிப் பேர் வந்தார்கள். செய்தியில் தொழில் தேடும் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய விருந்து அமையாது. வீட்டுத் திண்ணைகூட வாடகைக்குப் போனது. தண்ணீர் பாட்டில், தொப்பி, சாப்பாடு, கைபேசிக்கு மின்னேற்றம் என்று ஊரே கடை விரித்தது. வரதராஜப் பெருமாள் கோயில் சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தாலும் பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களும் அந்த வெள்ளத்தில்தான் இருந்தன. வெளியூர் வாகனங்கள் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டன. காரில் வந்து நிதானமாகச் சேலை எடுக்கும் கல்யாண வீட்டாருக்கு அந்த நாள்களில் ஊருக்குள் வழியில்லை. அடுத்த தரிசனம் 2059இல். அந்த 48 நாளில் சம்பாதித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டத்தைக் காட்டி ‘பார், செய்தியில் எவ்வளவு வாய்ப்பு!’ என்று பாடம் நடத்துவோர் மேல்தான் கோபம். ஒரு கோடிப் பேர் வந்துபோன ஊரில், அந்த ஆண்டு முடியும்போது எத்தனை பிள்ளைகள் புதிதாக ஒரு தொழிலைக் கற்றிருந்தார்கள் என்று அவர்கள் கேட்பதே இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது பரந்தூர். 2022 ஆகஸ்டில், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் மக்கள் தங்கள் வயலும் ஏரியும் வீடும் போகும் என்று தெருவில் உட்கார்ந்தார்கள். பகலில் உழைத்துவிட்டு இரவில் கூடிப் போராடிய ஊர் அது. அதே அறிவிப்பைப் படித்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் மனை பிரித்துக் கல் நட்டார்கள். ‘விமான நிலையத்துக்கு மிக அருகில்’ என்று பலகை எழுந்தது. செய்தியில் வாய்ப்பைத் தேடச் சொல்லும் ஆசிரியரின் கணக்குப்படி இந்தப் பலகை வைத்தவர்தான் முதல் மாணவர். ஒருவர் நிலத்தை இழக்கப்போகும் செய்தியை இன்னொருவர் விலை ஏறும் செய்தியாக மட்டும் வாசிக்கப் பழக்குவதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கக் கூடாது. இதே வட்டாரத்தில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. ஆலை வந்த செய்தியை நம்பி வாடகை அறை கட்டியவர்களுக்கு அது மூடும் செய்தியும் நாளிதழில்தான் வந்தது, ஊரார் எல்லோருக்கும் வந்த அதே நாளில்.

‘விற்பவன் இல்லாமல் நெய்பவன் எப்படிப் பிழைப்பான்? வியாபாரி வந்தால்தானே தறி ஓடும்?’ என்று கேட்பார்கள். விற்பனை வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நெசவாளர் சார்பில் விற்பதற்காகவே 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. அதனால் காப்பாற்றப்பட்ட தறிகள் ஏராளம். ஆனால் அந்த விற்பனை தறியிலிருந்து புறப்பட்டுச் சந்தைக்குப் போனது. தறியின் தேவையை அறிந்தவர்கள் தொடங்கியது அது. சரிகைக்குச் சூரத்தையே நம்பியிருந்த காஞ்சிபுரத்தில் 1971இல் தமிழ்நாடு சரிகை நிறுவனம் தொடங்கப்பட்டதும் அப்படித்தான். தரமான சரிகை கூட்டுறவுச் சங்கத்துத் தறிகளுக்குக் கிடைக்க வேண்டும் என்ற தேவை நெசவுக்கு உள்ளேயிருந்து எழுந்தது. சந்தையில் நின்று தறியைப் பார்ப்பவருக்குச் சரக்கு மட்டும் தெரியும். தறியில் நின்று சந்தையைப் பார்ப்பவருக்கே கூலியும் சரிகையும் முட்டிவலியும் சேர்ந்து தெரியும்.

நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1985இல் எழுதிய நூலில், புதிய தொழில் பிறக்கும் ஊற்றுகளை ஏழாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று, ஒரு வேலையின் நடைமுறைக்குள்ளேயே அறுந்து கிடக்கும் கண்ணியைக் கண்டுபிடிப்பது. நம் பயிற்சி வகுப்புகள் அந்த ஊற்றைத் தொடுவதே இல்லை.

தொட்டவர் ஒருவர் தெலங்கானாவில் இருக்கிறார். சிந்தகிந்தி மல்லேசம், போச்சம்பள்ளிச் சேலை நெய்யும் குடும்பத்துப் பிள்ளை. அந்த நெசவுக்கு முன்னதாக ‘ஆசு’ என்றொரு வேலை உண்டு. அரைவட்டமாக நிற்கும் முளைகளின் மேல் நூலைக் கையால் சுற்ற வேண்டும். நாளுக்கு இரண்டு சேலைக்கு நூல் தயார் செய்தால் கை ஏறக்குறைய 18,000 முறை முன்னும் பின்னும் போய்வரும். அவருடைய தாய்க்குத் தோள் தேய்ந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மல்லேசம் பல ஆண்டு போராடி 1999இல் அந்த வேலையைச் செய்யும் இயந்திரத்தை முடித்தார், அதற்குத் தாய் லட்சுமியின் பெயரை வைத்தார். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்கு அந்த யோசனையை எந்த நாளிதழும் கொடுக்கவில்லை. அவர் இயந்திரத்தைச் செய்து முடித்த பிறகுதான் அந்த வேலையே செய்தியானது. நம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவுவிலை நாப்கின் இயந்திரத்தைக் கண்டதும் தன் வீட்டில் மனைவி பட்ட சிரமத்தைக் கவனித்ததால்தான். இருவரும் செய்திக்குக் காரணமானவர்கள். நம் பயிற்சி, பிள்ளைகளைச் செய்திக்குப் பின்னால் ஓடச் சொல்கிறது.

மல்லேசத்தைப் போன்றவர்கள் அபூர்வம், எல்லோரிடமும் அதை எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். நான் எதிர்பார்ப்பது மேதைமையை அல்ல. மூன்று மாதம் ஒரு தொழிலின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பொறுமையை மட்டுமே எதிர்பார்க்கிறேன். செய்தித்தாளைப் படித்துப் பட்டியல் போட ஒரு காலை நேரம் போதும். அதனால்தான் அந்தப் பயிற்சி இவ்வளவு வேகமாகப் பரவியது, அதனால்தான் அதில் விளைவதும் இவ்வளவு மெலிந்திருக்கிறது.

பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு பாடத்திட்டம். இங்கே மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, நெய்யத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் தறியில் உட்கார்ந்திருக்கிறது. தொழில்முனைவோர் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் ஒரு பருவம் தறி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சாயப்பட்டறைக்கு, பாவு போடும் இடத்துக்கு, சங்கத்தின் கணக்குப் புத்தகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கே கை வலிக்கிறது, எங்கே நேரம் வீணாகிறது, எங்கே கூலி கசிகிறது என்று எழுதிவரச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவன் செய்தித்தாளைப் பிரிக்கட்டும். அப்போது அவனுக்கு மீனவருக்கு உதவியதைப் போலச் செய்தி உதவும், ஏனென்றால் விற்க அவனிடம் ஏதோ ஒன்று இருக்கும். அதுவரை, வாய்ப்பு என்று நாம் அவனுக்குக் காட்டுவது தரகு வேலையைத்தான். இந்த ஊரில் தரகுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் நெய்யும் கைக்குத்தான்.